விலை ஏறும் ஆண்டில் உழவர் ஏன் நொடிக்கிறார்?

கேள்வி: நான் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவள். என் அண்ணன் மானாவாரி நிலத்தில் தானியம் பயிரிடுகிறார். மழை பொய்த்துவிட்ட இந்த ஆண்டில் என் மளிகைச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. அண்ணனோ கடனில் இருக்கிறார். நான் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கேதான் போகிறது? அரசு ஏற்றுமதிக்குத் தடை விதித்து, இறக்குமதித் தீர்வையையும் குறைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை. இப்போது நாங்கள் தொலைபேசியில் பேசினாலே அது சண்டையில் முடிகிறது. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? அவர் என்ன செய்யலாம்? வரும் மாதங்களுக்கு வேண்டிய சரக்கை நான் இப்போதே வாங்கி வைத்துவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேளாண் பொருளாதாரத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். ஆனால் வழக்கமாக அதை நகரத்தார் ஒரு பக்கமும் உழவர்கள் மறுபக்கமும் நின்று கேட்பார்கள்; ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு நடுவில் அது வந்து நிற்பதைப் படித்தபோது மனம் கனத்தது. முதலில் உங்கள் சண்டைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதும் சரி, உங்கள் அண்ணன் சொல்வதும் சரி. விலை ஏறுவதும் அவர் நொடிப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட செய்திகளாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே காரணத்திலிருந்து ஒரே நேரத்தில் பிறப்பவை.

உணவுப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. துணியோ நாற்காலியோ விலை ஏறினால் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். சாப்பாட்டை அப்படித் தள்ளிப்போட முடியாது. எனவே சந்தைக்கு வரும் தானியம் கொஞ்சம் குறைந்தாலும் விலை அந்த அளவைவிட மிக அதிகமாக ஏறுகிறது. கிரிகோரி கிங் என்ற புள்ளிவிவர அறிஞரின் பெயரால் வழங்கும் ஒரு பழைய கணக்கை இங்கிலாந்தில் சார்ல்ஸ் டேவனன்ட் என்ற பொருளாதார எழுத்தாளர் 1699ஆம் ஆண்டிலேயே அச்சிட்டிருக்கிறார்: விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும், மூன்று பங்கு குறைந்தால் பதினாறு பங்கு, அதாவது பழைய விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல், கூடுதலாக ஏறும். இன்றைய சந்தைக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தமாட்டா. இருப்புக் கிடங்குகளும் கப்பல் போக்குவரத்தும் வந்த பிறகு ஏற்றம் தணிந்திருக்கிறது. ஆனால் அதன் போக்கு இன்றும் அதேதான்.

இதை உங்கள் வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். நல்ல ஆண்டில் அண்ணனுக்கு 100 மூட்டை விளைகிறது, ஒரு மூட்டை 100 பணத்துக்குப் போகிறது, சாகுபடிச் செலவு 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 10,000, கையில் நிற்பது 3,000. வறட்சி வருகிறது. நாடு முழுவதிலும் சேர்த்து விளைச்சல் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. விலை 130 ஆகிறது. கிணற்றில் தண்ணீர் உள்ள பக்கத்து நிலத்துக்காரர் வழக்கம்போல் 100 மூட்டை எடுத்து 13,000 பார்த்துவிடுகிறார். மானாவாரியை நம்பிய அண்ணனுக்கு 40 மூட்டைதான் தேறுகிறது, வரவு 5,200. உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் போட்ட 7,000 போட்டதுதான். பயிர் கருகிவிட்டது என்பதற்காக யாரும் அதைத் திருப்பித் தரப்போவதில்லை. 1,800 கை நட்டம். நீங்கள் கடையில் முன்னைவிடக் கூடுதலாகக் கொடுத்ததும் உண்மை, உழவர்களின் மொத்த வருமானம் உயர்ந்தது என்று புள்ளிவிவரம் காட்டினால் அதுவும் உண்மை, உங்கள் அண்ணன் கடனாளியானதும் உண்மை. விளைந்தவருக்குத்தான் விலை உதவும். விளையாதவருக்கு அது வெறும் செய்தி.

இந்த நிலையில் ஏற்றுமதித் தடையும் தீர்வைக் குறைப்பும் வந்து விலை 130இலிருந்து 105க்கு இறங்குகிறது என்று கொள்வோம். உங்களுக்கு நிம்மதி. அண்ணனுடைய 40 மூட்டைக்கு வரும் தொகை 4,200 ஆகிவிடுகிறது. நட்டம் 1,800இலிருந்து 2,800க்குப் போகிறது. விளைச்சல் குறையும்போது விலை ஏறுவது என்பது, பயிர்க் காப்பீடு என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து உழவருக்கு இருந்துவரும் அரைகுறைக் காப்பீடு. மழை அவருடைய மூட்டைகளை எடுத்துக்கொண்டது. ஆணை அந்த மூட்டைகளுக்குக் கிடைக்கவிருந்த விலையையும் எடுத்துக்கொண்டது. அவர் அன்று இரவு சாப்பிடாததற்குக் காரணம் இதுதான். உங்கள் நிம்மதியில் ஒரு பகுதி அவருடைய பையிலிருந்து வந்தது என்பதை நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது அறிந்துகொண்டால் அடுத்த தொலைபேசிப் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் இதிலிருந்து விலை உயர்வதெல்லாம் உழவருக்கு நல்லது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. உலகின் சிறு உழவர்களில் மிகப் பலர் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் விற்பதைவிட அதிகமாக உணவை வாங்குபவர்கள். கடனை அடைக்க அறுவடை முடிந்த கையோடு, விலை அடிமட்டத்தில் இருக்கும்போது விற்றுவிட்டு, சில மாதங்கள் கழித்து ஏறிய விலையில் அதே தானியத்தைத் தங்கள் வீட்டுக்கு வாங்குகிறார்கள். வறட்சி ஆண்டின் உச்ச விலை பெரும்பாலும் அறுவடைக்குப் பல மாதங்களுக்குப் பிறகே வரும். அதற்குள் சரக்கு கை மாறியிருக்கும். அந்த உச்சத்தைப் பிடிப்பவர் சரக்கை வைத்திருக்கக் கிடங்கும், காத்திருக்கப் பணமும் உள்ளவர். அவரைப் பதுக்கல்காரர் என்று திட்டுவது எளிது. அறுவடைக் காலத்துச் சரக்கைப் பஞ்ச மாதத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை யாரேனும் செய்தே ஆகவேண்டும். அந்த வேலையின் பலன் ஏன் உழவருக்கு எட்டவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

நீங்கள் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். அது பொருளைப் பொறுத்தது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, அந்நாட்டில் உள்நாட்டு உணவுக்கு மக்கள் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் பண்ணைக்குச் சேர்வது அண்மை ஆண்டுகளில் சுமார் 15, 16 சென்ட் மட்டுமே. மீதியெல்லாம் பதப்படுத்தல், பொட்டலம், போக்குவரத்து, கடை, உணவகம் என்று பிரிந்துவிடுகிறது. ஆகவே பொட்டலமிட்ட பண்டங்களில் தானிய விலை இரட்டித்தாலும் கடை விலை சிறிதளவே அசையும். உமி நீக்கி மூட்டையில் கட்டியதும் வீட்டுக்கு வந்துவிடும் தானியத்திலும், காய்கறியிலும், எண்ணெயிலும் வறட்சி நேரடியாகத் தெரியும். வருமானத்தில் பெரும்பகுதியை இத்தகைய பொருள்களுக்கே செலவிடும் ஏழைக் குடும்பத்துக்கு அடி கூடுதலாக விழுவது அதனால்தான். மேலும், ஏறும்போது வேகமாக ஏறும் கடை விலை, இறங்கும்போது தயங்கித் தயங்கியே இறங்கும். அதிக விலைக்கு வாங்கிய சரக்கு தீரும்வரை எந்த வியாபாரியும் விலையைக் குறைக்க விரும்பமாட்டார்.

இறைச்சியில் வறட்சி நடந்துகொள்ளும் விதம் இன்னும் வேறானது. மேய்ச்சல் கருகித் தீவன விலை ஏறியதும் வளர்ப்பவர்கள் மாடுகளை விற்கத் தொடங்குகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் மாட்டின் விலை முதலில் விழுகிறது. வாங்குபவர் அதைப் பார்த்து வறட்சியால் தமக்குக் கேடில்லை என்று எண்ணுவார். ஆனால் விற்கப்பட்டவற்றில் கன்று ஈன வேண்டிய பசுக்களும் கிடேரிகளும் இருக்கும். 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில், 1950களுக்குப் பிறகு காணாத பரப்பில் வறட்சி பரவி, மக்காச்சோளத்தின் விலை ஒரு புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 8 டாலரைக் கடந்தது. மழை திரும்பிய பிறகும், 2014 ஜனவரிக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் மாடுகளின் எண்ணிக்கை 1951க்குப் பிறகான மிகக் குறைந்த நிலையில் இருந்தது. மாட்டிறைச்சி விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டதும் அந்த 2014இல்தான். ஒரு கிடேரி வளர்ந்து ஈன்று, அந்தக் கன்று சந்தைக்கு வர மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகும். மழை பெய்த மறுநாள் புல் முளைத்துவிடும், மந்தை முளைக்காது.

மேய்ச்சலை மட்டுமே நம்பி வாழும் மக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் மாட்டை விற்றுத் தானியம் வாங்குபவர்கள். வறட்சியில் மாட்டின் விலை விழுகிறது, தானியத்தின் விலை ஏறுகிறது. நேற்று ஒரு மாட்டுக்குக் கிடைத்த தானியத்தில் பாதிகூட இன்று கிடைப்பதில்லை. 2020இன் இறுதியிலிருந்து ஐந்து மழைப் பருவங்கள் தொடர்ந்து பொய்த்த சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா நாடுகளின் மேய்ச்சல் குடும்பங்களை இந்த இரட்டை அடிதான் சாய்த்தது.

இனி வாணிபக் கொள்கைக்கு வருகிறேன். வறட்சி எல்லா நாடுகளையும் ஒரே ஆண்டில் தாக்குவது அரிது. ஓரிடத்தில் பொய்த்தால் மற்றோரிடத்தில் பெய்திருக்கும். ஆகவே எல்லைகள் திறந்திருப்பதே வாங்குபவருக்குப் பெரிய பாதுகாப்பு. உலகுக்கே கோதுமை விற்கும் ஆஸ்திரேலியா, தொடர் வறட்சியால் 2019இல் கனடாவிலிருந்து கோதுமை இறக்கிக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு மேலாக அதற்கு அந்தத் தேவை எழுந்ததில்லை. ஆனால் வேறு இடத்தில் சரக்கு இருந்தால்தான் இந்த வழி பயன்படும். உலகின் ஆலிவ் எண்ணெயில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கைத் தரும் ஸ்பெயினில் 2022-23 பருவ உற்பத்தி முந்தைய பருவத்தின் பாதிக்கும் கீழே போனபோது, எந்த நாடு எந்தத் தீர்வையைக் குறைத்தாலும் அந்த இடைவெளியை நிரப்ப எண்ணெய் இல்லை. கப்பல் பாதையே வற்றுவதும் உண்டு: 2023இல் வறட்சியால், கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்ததால், நாளொன்றுக்கு முப்பத்தைந்துக்கு மேற்பட்ட கப்பல்களைக் கடக்கவிட்ட பனாமா கால்வாய், அந்த ஆண்டின் இறுதியில் 22 கப்பல்களைத்தான் அனுமதித்தது.

இறக்குமதிக் கதவைத் திறப்பதைவிட ஏற்றுமதிக் கதவை அடைப்பது அரசுகளுக்கு எளிது. செலவில்லை, ஓர் ஆணை போதும். 2010இல் ரஷ்யாவில் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து தானிய விளைச்சலை சுமார் 9.7 கோடி டன்னிலிருந்து 6.1 கோடி டன்னுக்கு இறக்கின. ஆகஸ்ட் 15 முதல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2011 ஜூலையில்தான் அது விலகியது. கருங்கடல் கோதுமையை நம்பியிருந்த நாடுகள் வேறு சந்தைகளுக்கு ஓடின, உலக விலை ஏறியது. தன் நாட்டு மக்களுக்காக ஓர் அரசு செய்த செயலின் கட்டணத்தை வேறு நாட்டு மக்கள் கட்டினார்கள்.

இதைவிடப் பெரிய பாடம் அதற்கு இரண்டாண்டு முன் அரிசியில் நடந்தது. 2007-08இல் உலகின் அரிசி விளைச்சல் குறையவே இல்லை. முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. ஆனால் அப்போது உலகில் விளைந்த அரிசியில் பத்தில் ஒரு பங்குகூட எல்லை தாண்டவில்லை. அதனால் இந்தச் சந்தை மிக மெல்லியதாக இருந்தது. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, பயந்துபோன இறக்குமதி நாடுகள் கேட்ட விலைக்கு வாங்கிக் குவிக்க, டன் 400 டாலருக்குக் குறைவாக இருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 1,000 டாலரை எட்டியது. தன்னிடமுள்ள இறக்குமதி அரிசி இருப்பை விடுவிக்கக்கூடும் என்று ஜப்பான் அறிவித்ததே விலை இறங்கத் தொடங்கப் போதுமானதாக இருந்தது. 2006-08 காலத்து அரிசி விலை ஏற்றத்தில் சுமார் 45 சதவீதத்துக்கும் கோதுமை ஏற்றத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்கும் காரணம், நாடுகள் தத்தம் விலையைக் காத்துக்கொள்ள எடுத்த வாணிப நடவடிக்கைகளே என்று வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

உலக வாணிப விதிகள் இதைத் தடுப்பதில்லை. உணவுப் பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு நேரும்போது தற்காலிகமாக ஏற்றுமதியை நிறுத்த அவை இடம் தருகின்றன. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்கு வாங்கும் உணவைத் தடுக்கக் கூடாது என்று மட்டும் 2022 ஜூனில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கை வைத்திருக்கும் இந்தியா 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு விதித்த தடை, 2024 செப்டம்பர் இறுதிவரை, அதாவது பதினான்கு மாதங்கள் நீடித்தது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பசியில் இருப்பவரைக் காப்பது அரசின் முதல் கடமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விலையை அமுக்கி அந்தக் கடமையைச் செய்வது, ஏழைக்கு வேண்டிய உதவியைச் செல்வந்தருக்கும் சேர்த்துக் கொடுத்து, செலவை மட்டும் மழை பொய்த்த உழவரின் தலையில் வைப்பது ஆகும். இருப்பிலிருந்து ஏழைகளுக்குத் தானியம் வழங்குவதும், அவர்களின் கையில் நேரடியாகப் பணம் கொடுப்பதும் அரசுக்குச் செலவு வைக்கும் வழிகள். அந்தச் செலவை எல்லோரும் வரியாகப் பகிர்ந்துகொள்வதே நியாயம். வேறு வழியின்றித் தடை விதித்தே தீரவேண்டுமானால், விதைப்புக்கு முன் அறிவித்து, முடியும் தேதியையும் அதே ஆணையில் எழுதவேண்டும். உழவர் விதைத்த பிறகு விதியை மாற்றுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாம் பருவத்தில் அவர் அந்தப் பயிரையே விட்டுவிடுவார்; அதன் பலனை அனுபவிக்கப்போவது நீங்கள்.

மழைக்குச் சம்பந்தமில்லாத தீர்வைச் சண்டைகளும் இதே வேலையைச் செய்கின்றன. 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதத் தீர்வை விதித்ததும், அங்கே நல்ல விளைச்சல் எடுத்தவர்கள் வாங்க ஆளின்றி நின்றார்கள். சீனாவின் கொள்முதல் பிரேசிலுக்குப் போனது. அமெரிக்க அரசு தன் உழவர்களுக்கு அந்த ஆண்டு 1,200 கோடி டாலர், அடுத்த ஆண்டு 1,600 கோடி டாலர் வரை ஈடு அறிவித்தது. எல்லா அரசுகளாலும் இப்படிக் கொடுக்க முடியாது. வறட்சியும் தீர்வையும் ஒரே பொருளில் கூடியதைக் காப்பியில் பார்த்தோம்: 2024இல் பிரேசிலின் தோட்டங்கள் காய்ந்து, 2025 பிப்ரவரியில் அராபிகா காப்பி ஒரு பவுண்டு 4 டாலரைக் கடந்தது; அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா பிரேசில் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை தீர்வை போட்டது; விலை ஏற்றத்தைத் தன் மக்கள் தாங்கமாட்டாமல் நவம்பரில் காப்பிக்கு அதை நீக்கிக்கொண்டது.

அண்ணனுக்குச் சில வார்த்தைகள். பயிர்க் காப்பீடு எடுத்திருந்தால், இழப்பீடு அவருடைய வயலின் விளைச்சலைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறதா, வட்டாரத்தின் சராசரியைப் பார்த்தா என்று ஒப்பந்தத்தைப் படித்து உறுதி செய்யச் சொல்லுங்கள். சராசரி என்றால், அவருடைய வயல் முற்றிலும் கருகியும் பணம் வராமல் போகலாம். விலை வீழ்ச்சிக்கும் சேர்த்து ஈடு தரும் திட்டம் இருக்கிறதா என்றும் கேட்கட்டும், ஏனெனில் அவரைச் சாய்த்தது மழை மட்டுமில்லை. இப்போதைய உச்ச விலையை நம்பி அடுத்த பருவம் நிலம் முழுவதையும் அதே பயிருக்குக் கொடுக்க வேண்டாம். எல்லோரும் அதையே செய்வார்கள், மழையும் பெய்தால் அறுவடையன்று விலை சரிந்திருக்கும். கடன் கெடு அனுமதித்தால் விளைந்ததை ஒரே நாளில் விற்காமல் மூன்று நான்கு தவணையாக விற்கட்டும். முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போடுவதானால், விளைச்சலில் உறுதியாக வரும் என்று நம்பும் பகுதிக்கு மட்டும் போடட்டும். மழை பொய்த்து, ஒப்புக்கொண்ட மூட்டைகளைக் கொடுக்க முடியாமல் போனால், ஏறிய விலையில் வெளியே வாங்கிக் கொடுக்கவேண்டிய நிலை வரும். கறவை மாடுகள் இருந்தால், விற்கும் வரிசையில் இளங்கிடேரி கடைசியாக இருக்கட்டும்.

வாங்கிக் குவிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 2008இல் அரிசி விலையை ஏற்றியதில் இறக்குமதி நாடுகளின் அச்சக் கொள்முதலுக்கும் பங்குண்டு என்று மேலே சொன்னேன். அதையே ஆயிரக்கணக்கான வீடுகள் சிறு அளவில் செய்தால் கடையிலும் அதுவேதான் நடக்கும். மேலும் உச்ச விலையில் வாங்கி, பூச்சி அரித்துப் பாதியை வீசுபவர்களே அதிகம். ஒரு மாதத் தேவைக்கு மேல் இருப்பு வைக்காமல், விலை ஏறிய தானியத்துக்குப் பதில் வேறு தானியத்தைச் சில வேளைகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணனிடம் இன்னும் விற்காத மூட்டைகள் இருந்தால், உங்கள் ஓராண்டுத் தேவையை வியாபாரி கொடுக்கும் விலைக்குச் சற்று மேலே, கடை விலைக்குச் சற்றுக் கீழே அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். பணத்தை அவருடைய கடன் தவணை நாளுக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
வேளாண் பொருளாதார ஆலோசகர்